வேண்டுவது மட்டும் போதும்

நம் சங்க அறையின் மூலையில் பழைய கணினி ஒன்று இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். நூலகப் பட்டியலும் மலரின் பழைய இதழ்களும் அந்தச் சர்வரில்தான் உள்ளன. 2024-இல் அதில் டெபியன் லினக்ஸை நிறுவும் பொறுப்பு எனக்கு வந்தது. டெஸ்க்டாப் வேண்டுமா, வெப் சர்வர் வேண்டுமா, எஸ்.எஸ்.எச். வேண்டுமா என்று கேட்டது நிறுவும் திரை. “இருந்துவிட்டுப் போகட்டுமே” என்று எல்லாவற்றையும் குறித்தேன். அதுவே நான் செய்த பிழை.

டெஸ்க்டாப்போடு அச்சுச் சேவையும் அழையா விருந்தாளியாக உள்ளே வந்துவிட்டது. அறையிலோ பிரிண்டரே கிடையாது! அவ்வாண்டு செப்டம்பரில் கப்ஸ் என்னும் அந்த அச்சுச் சேவையின் குறை வெளியாயிற்று. அதன் துணைநிரல் ஒன்று 631-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்து, எவர் அனுப்பும் செய்தியையும் நம்பிற்று. அயலான் ஒருவன் போலிப் பிரிண்டரைச் சேர்த்துவிடலாம். அதில் அச்சு வேலை தொடங்கினால் அவன் கட்டளை நம் கணினியில் ஓடும். பயன்படாத ஒன்றுக்காக ஓர் இரவு கண்விழித்தேன்.

“குறைத்து நிறுவினால் வேண்டிய நேரத்தில் கருவி இராதே” என்பார் சிலர். அதில் உண்மை உண்டு. உபுண்டுவின் குறுநிறுவலில் கையேட்டுப் பக்கங்கள்கூட இரா. புதிதாகக் கற்பவர் திகைத்துத்தான் போவார். விண்டோஸ் சர்வரில், 2016-ஆம் பதிப்பு முதல், கோர் வகையை நிறுவியபின் டெஸ்க்டாப் வகைக்கு மாற வழியில்லை. மறுபடியும் நிறுவத்தான் வேண்டும். ஆகவே முதலிலேயே சிந்திப்பது நலம்.

ஆனால் நம் லினக்ஸில், இல்லாததைச் சேர்க்க ஒரு வரிக் கட்டளை போதும். இருப்பதை நீக்கவோ, எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். சேர்ப்பது எளிது, கழிப்பது அரிது. ஆகையால் குறுநிறுவலே நமக்கு ஏற்றது என்பது என் முடிவு. அதனாலேயே காவல் வந்துவிடும் என்று கூறேன். திருத்தங்களைத் தவறாமல் இட வேண்டும். காக்கவேண்டிய வாயில்கள் குறையும், அவ்வளவே.

இன்னொன்றும் சொல்வேன். நம் சங்கத்தில் ஆண்டுதோறும் செயலாளர் மாறுகிறார். சர்வரில் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்போம். பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கினால் வருபவர் படிப்பார். நாற்பது பக்கமானால் யார் படிப்பார்?

இவ்விடுமுறையில் நான் அதை மீண்டும் நிறுவப்போகிறேன். இம்முறை பேனாவும் தாளும் முதலில், கணினி பிறகு. உடன்வர விரும்பும் நண்பர்கள் வாருங்கள்.