பந்தின் மீது பழி

ஞாயிறு மாலை உதைபந்தாட்டம் பார்த்திருந்தபொழுது, மத்திய அமெரிக்காவில் 1969இல் மூண்ட போர் நினைவுக்கு வந்தது. உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியில் ஹொண்டூராசும் எல் சல்வடோரும் மோதிய மறுமாதம், யூலை 14ந் திகதி, எல் சல்வடோரின் படை எல்லை கடந்தது. 'உதைபந்துப் போர்' எனப் பத்திரிகைகள் பெயரிட்டன.

பந்தா படை நடத்தியது? காணியற்ற சல்வடோர் மக்கள் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் ஹொண்டூராசிற் குடியேறியிருந்தனர். 1962ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தைக் காட்டி அவர்களை வெளியேற்றினர். என்னைப் பழைமைவாதி என நண்பர்கள் நகைப்பர், நகைக்கட்டும். உழுதவன் கைக் காணியைப் பறிப்பதைச் 'சீர்திருத்தம்' என்றழைக்க என் நா எழாது. ஆனால், காணிக் கணக்கை எழுதினால் எந்தப் பத்திரிகை விலைபோகும்?

நான்கு நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சமாதான உடன்படிக்கை 1980இலேதான் கைகூடிற்று. தகுதிபெற்ற சல்வடோர் அணியோ 1970இல் மெக்சிக்கோவில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோல்தானும் போடவில்லை.