கிளீனர் சீட் காலி!

வண்டி நிற்கிறது, லோடு இருக்கிறது, டிரைவர்தான் கிடைக்கவில்லை என்கிறார் லாரி முதலாளி. லைசென்ஸ் இருக்கிறது, வேலைதான் கிடைக்கவில்லை என்கிறான் இளைஞன். இரண்டு பேரும் இருப்பது இதே நாமக்கல்லில்தான். இது என்ன கூத்து?

லாரி ஆபீசில் நடக்கிற பேச்சு இதுதான்:

"எத்தனை வருசம் ஓட்டியிருக்கறே தம்பி?"

"இப்பத்தானுங்க ஹெவி எடுத்தேன்."

"ரெண்டு வருசம் எங்கியாச்சும் ஓட்டிப்போட்டு வா, பார்க்கலாம்."

எங்கியாச்சும் என்றால் எங்கே? சங்ககிரிக்குப் போனாலும் இதே கேள்வி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரரிடம் போனாலும் இதே கேள்வி. முதல் ஆளாக வண்டியைக் கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை!

முதலாளிமீது மட்டும் பழி போடுவதும் நியாயமல்ல. தவணையில் வாங்கிய வண்டி. ஒரு விபத்து நடந்தால் உயிர் போகிறது, வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது, கேஸ் வருசக்கணக்கில் இழுக்கிறது. தவணை மட்டும் நிற்காது.

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயைப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்னால் போன கார்களை நசுக்கிய லாரிகள் எத்தனை! லோடு வண்டியைக் கியரிலேயே பிடித்து இறக்குவது எப்படி என்று ஆர்.டி.ஓ. டெஸ்டில் யாரும் காட்டப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் படிய வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடம்தான் கிளீனர் சீட். தார்ப்பாய் கட்டினான், ஸ்டெப்னி மாற்றினான், ரிவர்ஸுக்கு ஓரம் சொன்னான். ஆளில்லா ரோட்டில் அண்ணன் ஸ்டீயரிங்கைக் கையில் கொடுத்தார். டிரைவர் ஆனான். அடியும் திட்டும் வாங்கினான் என்பதும் உண்மை. பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவர்களை ஏற்றிய அநியாயமும் நடந்தது. அது திரும்ப வேண்டாம்.

ஆனால் சீட்டே காலியாகிவிட்டதே! டீசலும் டோல்கேட்டும் போக, இரண்டு பேட்டாவுக்கு வாடகை கட்டுபடியாகவில்லை என்று ஒற்றை ஆளையே அனுப்புகிறார்கள். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று மத்திய அரசின் விதியே இருந்தது. 2018-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். சந்தோஷம். குளுகுளு கேபினில் பக்கத்து சீட்டில் யாருமில்லை!

நாமக்கல்லில் 1995-லிருந்து அசோக் லேலண்டின் டிரைவர் பயிற்சி நிலையம் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பயிற்சி முடித்து வருகிறவனுக்கும் முதல் நடை யாராவது கொடுக்க வேண்டுமே.

லாரி உரிமையாளர் சங்கங்கள் மனசு வைத்தால் நடக்கும். புதிதாக ஹெவி எடுத்த பையனை ஆறு மாதம் இரண்டாவது ஆளாக ஏற்றுங்கள். எத்தனை நடை, எந்த ரூட், எவ்வளவு பாரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அடுத்த முதலாளி கேட்கும்போது காட்ட அவனிடம் ஒரு காகிதம் இருக்கும். அவன் பேட்டாவில் பாதியைத் திறன் பயிற்சிப் பணத்திலிருந்து அரசு கொடுக்கட்டும். பேட்டா இல்லாமல் சும்மா கூட்டிப்போவது மட்டும் கூடாது. அவன் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

தம்பிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஹெவிக்கு 20 வயது ஆக வேண்டும். அதற்கு முன் ஒரு வருசம் கார் லைசென்ஸ் இருக்க வேண்டும். அந்த ஒரு வருசத்தை வீணாக்காதீர்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முட்டை வண்டியோ ஜவ்வரிசி மூட்டையோ, கிடைத்ததை ஓட்டுங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் "எங்கே ஓட்டினாய்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்.

சம்பளம் ஜாஸ்தி என்று கேஸ் டேங்கர் பக்கம் இப்போதே ஓடாதீர்கள். அபாயச் சரக்கு ஏற்ற தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். "டிரெய்லரில் ஏற்றிவிடுகிறேன், முன்பணம் எடு" என்று டீக்கடையில் தோளில் கைபோடுகிற புரோக்கருக்குக் காலணாகூடக் கொடுக்காதீர்கள்.