மர்மக் கதைக்கு முடிச்சு மட்டும் போதாது

புதிய எழுத்தாளரின் முதல் வரலாற்று மர்ம நாவலை ஆவலோடு வாங்கும் வாசகர், கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஏமாந்தே போகிறார். கொலையாளி யார் என்பது தெரியாமல் போவதோ, திடீரென்று ஒருவர் மீது பழி விழுவதோதான் காரணம்.

இந்தக் குறை புதியதல்ல. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோதும் வாசகர்கள் மனக்குறையைத் தெரிவித்தனர். அதை எழுதிய கல்கி முடிவுரையில் விளக்கம் தந்தார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை அவர் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு, அந்தக் கொலைக்குக் காரணமான துரோகிகளின் நிலம் பறிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. கொலைக்கான நோக்கத்தைச் சொல்லவில்லை. சான்று நின்ற இடத்தில் அவர் கதையை நிறுத்தியதில் நியாயம் உண்டு. பாத்திரங்கள் உயிரோடு நின்றதால் குறையும் மறைந்தது.

புதிய எழுத்தாளர்களுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. களமாவது உண்மையாக இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு, மலையமான் குலத்து வானவன்மாதேவி கைக்குழந்தையை விட்டுக் கணவனோடு தீப்புகுந்ததைச் சொல்கிறது. சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்ததையும் சொல்கிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. இவற்றை நேரில் பார்த்து, துப்புகளை முன்கூட்டியே விதைத்து எழுதினால், முடிவு எதுவானாலும் வாசகர் ஏற்பார்.

— வாசகர், கள்ளக்குறிச்சி