தீர்மானப் புத்தகமும் தண்டத் தீர்வையும்

கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் நிர்வாகக் குழுவில் ஐந்தாண்டு உட்கார்ந்து எழுந்த குடியானவர் ஒருவருக்கு, பதவி முடிந்து அவர் தம் வயலோடு வயலாகிவிட்ட பிற்பாடு, துணைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் ஓர் உறை வருவதும், அதில் 'தண்டத் தீர்வை' என்று கண்டு அவர் கலங்கி வக்கீலைத் தேடிப் புறப்படுவதும் நம் ஜில்லாக்களில் அபூர்வமான காரியமல்ல.

சங்கதி பெரும்பாலும் நகைக்கடன் சம்பந்தமாகவே இருக்கும். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து அசல் பொன் என்கிறார். செயலாளர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். பிறகு கூடும் குழுவில், காபி டம்ளர்களுக்கு நடுவே தீர்மானப் புத்தகம் கைமாறிவர, கடன் பட்டியலை 'அங்கீகரித்து' பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டிய இடங்களில் எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். தணிக்கைக்கு வந்தவர் நகைப் பையை அவிழ்த்தால் உள்ளே இருப்பது பித்தளை.

தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, சங்கத்துக்கு நஷ்டம் விளைவித்தவரிடமிருந்து அதை வட்டியோடு தண்டத் தீர்வையாக வசூலிக்க அதிகாரம் அளிக்கிறது. அவர் காலமாகியிருந்தால், சொத்தைப் பெற்ற வாரிசும் தப்ப முடியாது. ஆனால் நஷ்டத்துக்குக் காரணம் அலட்சியம் என்றால் அது மனமறிந்து செய்த அலட்சியமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாசகமே. கவனக்குறைவு மட்டும் போதாதென்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லி, தண்டத் தீர்வை உத்தரவுகளை ரத்துச் செய்திருக்கிறது. நியாயமான தீர்ப்புகள்தாம். குழுவினர் எல்லோரும் அப்பாவிகள் என்று வாதிக்க நான் வரவில்லை. மைத்துனன் பேருக்குக் கடன் எழுதிவிட்டு மதிப்பீட்டாளர்மேல் பழி போடும் தலைவர்களும் உண்டு. அவர்களையும், படிக்காமல் கையெழுத்திட்டவரையும் பிரித்தறிய வேண்டியவர் யார் என்பதே என் விசாரம்.

அந்தப் பொறுப்பு இன்று பதிவாளரின் துறையிடம் இருக்கிறது. மதராஸ் அரசாங்க அதிகாரி நிக்கல்சன் துரை ஐரோப்பியக் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கைகள் எழுதி, 1904-ல் முதல் சட்டம் பிறந்து, அவ்வாண்டே திரூரில் சங்கம் தோன்றிய காலத்தில், பதிவாளர் என்பவர் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் அமைத்து, கணக்குக் கற்றுக்கொடுத்து, சண்டை வந்தால் சமாதானமும் செய்துவைக்கும் ஆசானாகக் கருதப்பட்டார். அந்த நாளுக்கு அது பொருந்தும். இன்றோ, சங்கத்தைப் பதிவு செய்வதும், 81-ஆம் பிரிவில் விசாரணைக்கு உத்தரவிடுவதும், 88-ல் குழுவைக் கலைப்பதும், 90-ல் தாவாக்களைத் தீர்ப்பதும், 87-ல் குற்றம் சாட்டித் தாமே பொறுப்பை நிர்ணயிப்பதும் ஒரே துறையைச் சேர்ந்த அதிகாரிகளே. விசாரணை அறிக்கை எழுதியவர் ஒருவர், உத்தரவில் ஒப்பமிடுபவர் வேறொருவர் என்று சமாதானம் சொல்வார்கள். அறிக்கையின் வாக்கியங்களே உத்தரவிலும் அப்படியே இறங்கியிருப்பதைக் காணும்போது அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

மேல்முறையீடு ஜில்லா நீதிபதி அமரும் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்ப்பது அங்கேதான். அதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. முதல் விசாரணையையே அத்தகைய நடுவர் ஒருவரிடம் ஒப்படைப்பதால் துறைக்கு என்ன நஷ்டம் வந்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. பதிவாளருக்குச் செய்வதற்கு வேறு காரியங்கள் இல்லாமலா போய்விட்டன?