யாருடைய வயிறு நிறைகிறது?

2010 மார்ச்சில் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு முன்பு முன்னாள் அதிபர் பில் கிளின்டன் ஒரு தவறை ஒப்புக்கொண்டார். ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை நிலநடுக்கம் சிதைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹைட்டிக்காகத் தன் அரசு முன்னெடுத்த அரிசிக் கொள்கையால் தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலர் பலனடைந்தார்கள். ஹைட்டியோ நெல் விளைவிக்கும் திறனை இழந்தது என்றார்.

1980-களில் ஹைட்டி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டது. அர்த்திபோனித் பள்ளத்தாக்குதான் அந்நாட்டின் நெற்களஞ்சியம். கிளின்டன் சொன்ன அந்தக் கொள்கையால் 1995-ல் அரிசி மீதான இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ‘மயாமி அரிசி’ என்று ஹைட்டி மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்ளூர் நெல் விலைபோகவில்லை. உழுது பிழைக்க முடியாதவர்கள் தலைநகரின் குடிசைப் பகுதிகளில் வந்து நெருக்கியடித்துத் தங்கினார்கள். 2010 ஜனவரி 12 அன்று பூமி அதிர்ந்தது அந்த நகரத்தில்தான்.

பிறகு இலவச அரிசி குவிந்தது. முதல் சில வாரங்களில் அது உயிர் காத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மார்ச்சிலேயே ஹைட்டி அதிபர் ரெனே பிரெவால் எச்சரித்தார்: வெளியிலிருந்து உணவும் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தால் உள்நாட்டு விளைச்சலும் வணிகமும் அடிபடும் என்று.

பணமாகக் கொடுத்து, பக்கத்திலேயே வாங்கச் சொல்லலாமே? அதற்கு அமெரிக்கச் சட்டம் குறுக்கே நின்றது. 1954-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட பி.எல். 480 சட்டம், உபரி தானியத்துக்கு வெளிநாட்டில் சந்தை தேடவும் பிறந்த சட்டம். அதன் வழியே போகும் தானியம் அமெரிக்காவில் வாங்கியதாக இருக்க வேண்டும். குறைந்தது பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் ஏற வேண்டும். மிகப் பெரிய உணவு உதவித் திட்டத்தின் செலவில் ஏறக்குறைய 65 சதவீதம் தானியத்துக்குப் போகாமல், கப்பல் கூலிக்கும் இதர செலவுகளுக்கும் போவதாக 2007-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே சொன்னது. ஒரு பகுதியையாவது உள்ளூரில் வாங்கலாம் என்று ஜார்ஜ் புஷ் கேட்டார், ஒபாமாவும் கேட்டார். தானிய வணிகர்களும் கப்பல் முதலாளிகளும் விடவில்லை. வருத்தம் என்னவென்றால், சில தொண்டு நிறுவனங்களும் அவர்களோடு நின்றன. தானமாக வந்த தானியத்தை ஏழை நாட்டுச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் திட்டங்களை நடத்தும் பழக்கம் அவற்றுக்கு இருந்தது. ‘கேர்’ அமைப்பு 2007-ல் அந்தப் பழக்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலரை அதற்காக இழக்கவும் துணிந்தது.

பி.எல். 480 என்னும் இந்தக் கயிறு நம் கழுத்திலும் இருந்தது. 1960-களின் பஞ்சக் காலத்தில், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததால் எரிச்சலுற்ற அமெரிக்க அதிபர் ஜான்சன், கோதுமையை மாதக் கணக்கில் அளந்து அளந்து விடுவித்தார். அன்றைய உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் புதிய கோதுமை விதைகளுக்காகப் போராடியதற்குப் பின்னால் அந்த அவமானமும் இருந்தது.

இதையெல்லாம் சொல்வது உதவியை நிறுத்துவதற்காக அல்ல. 2025-ல் அமெரிக்கா தன் சர்வதேச மேம்பாட்டு முகமையையே கலைத்தபோது, துபாய் கிடங்கில் காலாவதியான ஏறத்தாழ 500 டன் சத்து பிஸ்கட்டுகள் எரிக்கப்பட்டன. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக வாங்கியவை அவை. வணிகத்தைச் சீர்செய்யச் சொன்னால் வாசலையே மூடிவிட்டார்கள். சந்தையில் தானியமே இல்லாத ஊருக்குக் கப்பல்தான் போயாக வேண்டும். தானியம் இருந்து கையில் காசில்லாத ஊருக்குக் காசுதான் போக வேண்டும்.

அடுத்த முறை ஒரு பேரிடர் நிதிக்கு நீங்கள் பணம் அனுப்பும்போது, அரிசியை எந்த ஊரில், யாரிடம் வாங்குகிறீர்கள் என்று அந்த அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள்.