கல் கொடுத்தவர் கலங்கலாமா?

வீடு எழும்பிவிட்டது. வெள்ளை அடித்தாகிவிட்டது. கிரகப்பிரவேசமும் முடிந்துவிட்டது. ஆனால், அந்த வீட்டுக்குக் கல்லும் ஜல்லியும் கொடுத்தவருக்கு மட்டும் பணம் வரவில்லை!

மயில்கள் உலவும் விராலிமலையில் மட்டுமா? தமிழ்நாடு எங்கும் கேட்கும் கதைதான் இது. "இன்று, நாளை" என்று காண்டிராக்டர் இழுக்கிறார். நெருக்கிக் கேட்டால், "உன் சரக்கு மட்டம்" என்கிறார். "பணம் கேட்டதும் சரக்கு மட்டமாகிவிட்டதா?" என்று மற்றவர் கொதிக்கிறார். இருவரும் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள்.

அங்கே வெறும் வாய்ப்பேச்சை நம்பிப் பயன் இல்லை. எழுத்துதான் பேசும்!

ஒரு வரியின் பலம்

சென்னையில் நடந்த வழக்கு ஒன்றைப் பாருங்கள். இதில் பணத்துக்கு அலைந்தவர் கட்டிடக்காரர்.

சென்னை மெட்ரோ ரெயில் வேலைக்காக, 2013-ம் ஆண்டு, "கன்சாலிடேட்டட் கன்ஸ்ட்ரக்ஷன் கன்சார்ட்டியம்" என்ற கட்டுமானக் கம்பெனி விளக்குச் சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் சார்பில் மெட்ரோ நிறுவனமே ரூ.50 லட்சம் முன்பணம் கொடுத்தது. பிறகு வேலை ரத்தானது. முன்பணம் திரும்பவில்லை. மெட்ரோவுக்கு அந்தத் தொகையைக் கட்டுமானக் கம்பெனி தன் கையில் இருந்து கட்டியது.

ஆர்டர் பெற்றது தனி ஒருவரின் நிறுவனம். பின்னர் வந்த "ஹிட்ரோ எனர்ஜி சொல்யூஷன்ஸ்" கம்பெனி, "அந்தப் பொறுப்பு எங்களுக்கு இல்லை" என்றது. ஆனால், பழைய நிறுவனத்தை ஏற்று நடத்துவது தன் நோக்கம் என்று அதன் அமைப்பு விதியிலேயே எழுதியிருந்தது! சுப்ரீம் கோர்ட்டு 2022-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந்தேதி, கட்டுமானக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தது.

பெரிய கம்பெனிக்கே இத்தனை ஆண்டு அலைச்சல். செங்கல் சூளைக்காரர் என்ன செய்வார்?

சட்டம் சொல்வது

தவணை பேசாமல் கொடுத்த சரக்கு என்றால், கொடுத்த நாளில் இருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். அதற்குள் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

பதிவு பெற்ற சூளை, கிரஷர் போன்ற சிறு தொழில்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. கெடு பேசினாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. மீறினால், ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி! இதற்கான வசதியாக்க மன்றம் திருச்சியிலும் உண்டு. வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை.

அதே சட்டம் வாங்குபவரையும் கைவிடவில்லை. சரக்கில் குறை என்றால், 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லலாம். பணம் கேட்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது நியாயம் அல்ல.

பழக்கத்துக்குச் சீட்டா?

"பழகிய மனிதரிடம் போய்ச் சீட்டுக் கேட்பதா?" என்று பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் எதற்கு? லோடு இறங்கும்போதே அளவு, விலை, தேதி எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள். கொடுப்பவருக்கும் அது காவல். வாங்குபவருக்கும் அது காவல்.

காண்டிராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தள்ளிப்போடும் பணம், சூளையில் மண் பிசைபவரின் வாரக் கூலி. வீட்டுக்காரர் கொடுத்ததும், முதலில் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்!