வாசித்தவர் யார்?



'இளைய நிலா' பாட்டைப் பற்றி நம்மைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விவரம் சொல்லிவிடுவோம். படம் 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'. பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், எழுதியவர் வைரமுத்து, இசை இளையராஜா, நடித்தவர் மோகன். அந்தப் பாட்டில் குரல் வருவதற்கு முன்பே நம்மைக் கட்டிப்போடுகிறதே ஒரு கிட்டார், அதை வாசித்தவர் யார் என்று கேட்டால் மட்டும் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். அவர் பெயர் ஆர். சந்திரசேகர். இளையராஜாவின் குழுவில் லீட் கிட்டார் வாசித்தவர். அதே குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர்.

இந்த இதழில் இந்தப் பக்கத்தை அவருக்கும், அவரைப் போன்ற கிட்டார் கலைஞர்களுக்கும் தருகிறேன்.

அந்தப் பாட்டை இன்று இரவு ஒருமுறை கிட்டாருக்காக மட்டும் கேட்டுப் பாருங்கள். பல சுரங்கள் சேர்ந்த கார்டை மொத்தமாக ஒரே வீச்சில் மீட்டிவிட்டுப் போகாமல், அதன் சுரங்களைக் கம்பி கம்பியாகப் பிரித்து உதிர்த்துக்கொண்டே போகிறது அந்தக் கை. பாலு பாடத் தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்ளாமல் குரலுக்கு அடியில் ஓடுகிறது. குரல் மூச்சு வாங்கும் இடத்தில் மேலே வந்து பேசிவிட்டு, மறுபடி உள்ளே போய்விடுகிறது. அன்றைய ஒலிப்பதிவில் இன்றுபோல் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாசித்துப் பிறகு ஒட்டிக்கொள்ளும் வசதி இல்லை. பாடகர், வயலின்கள், தபேலா, புல்லாங்குழல் எல்லாம் சேர்ந்துதான் டேக். காலையில் கையில் கிடைக்கும் நோட்டேஷனைப் பார்த்து, ஓரிரு ஒத்திகையில் கைக்குக் கொண்டுவந்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் பிசகாமல் வாசிக்க வேண்டும். ஒரு விரல் தவறினால் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த நெருக்கடியில் பிறந்த வாசிப்புதான் இத்தனை ஆண்டுகளாக நம் பயணங்களில் கூடவே வருகிறது.

சந்திரசேகரைப் போலவே சதானந்தமும் அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தார். பேஸ் கிட்டார் சசிதரன். பேஸ் கிட்டாரின் நிலைமை இன்னும் பரிதாபம். வீட்டுக்குக் கடைக்கால் எப்படியோ அப்படித்தான் பாட்டுக்கு அது. இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. ராஜாவின் எண்பதுகளின் பாடல்களை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடியில் தனியாக ஒரு மெட்டே நடந்துகொண்டிருப்பது புரியும்.

1980-இல் வந்த 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கையில் கிட்டாருடன் பாட, ஷோபா கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி நம் நெஞ்சில் பதிந்தது. ஆனால் கிட்டாரை உண்மையில் வாசித்த கைகள் சினிமாவில் எப்போதும் திரைக்குப் பின்னால்தான். விதிவிலக்காக ஒரே ஒரு பாட்டைச் சொல்லலாம். 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தின் 'அவளுக்கென்ன' பாட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டினார்கள். டி.எம். சௌந்தரராஜனும் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனும் வாத்தியக் கலைஞர்களும் திரையில் தெரிவார்கள். எம்.எஸ்.வி. குழுவின் கிட்டார் கலைஞர் பிலிப்ஸ். அவருடைய வாசிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் நாம் நினைவில் வைத்திருப்போம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பாடலாசிரியர்களின் பெயர்கள் நமக்கு எப்படி மனப்பாடமாயின? இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடும் பாடகரின் பெயரோடும் எழுதியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லித்தானே! இசைத்தட்டின் சின்ன வட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் நிலைத்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் அன்றைய சம்பளத்தோடு வீட்டுக்குப் போனார்கள். தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மானின் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கியபோது நிலைமை மாறியது. பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரைப் பல ரசிகர்கள் தெரிந்துகொண்டது அப்படித்தான். உறையில் ஒரே ஒரு வரி அதிகம். அதற்கு அவ்வளவு பலன்.

சினிமாவுக்கு வெளியேயும் இதே கதை உண்டு. எண்பதுகளில் சென்னையில் சுகுமார் பிரசாத் என்பவர் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக நிறுத்திவிடும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி, அசைந்து போகும் கமகத்துக்கு அந்த வாத்தியத்தில் இடமே இல்லை என்றுதான் தோன்றும். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தும், விரலை வழுக்கியும் அந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்து காட்டிய முன்னோடி அவர். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரசன்னா, கர்நாடக கிட்டாரை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். மாண்டலினுக்கு ஸ்ரீநிவாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். கிட்டாருக்கு சுகுமார் பிரசாத் என்றால், வாசிக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் டாமி டெடெஸ்கோ என்ற கிட்டார் கலைஞர் இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் எண்ணற்ற பாட்டுகளுக்கும் படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் வாசித்தவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் வாசித்த இசைத்தட்டுகள் அமெரிக்கா முழுக்க விற்றன. உறையில் வேறு குழுக்களின் பெயர்கள் இருந்தன. 1997-இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் டென்னி பல ஆண்டுகள் பாடுபட்டு, 'ரெக்கிங் க்ரூ' என்று அறியப்பட்ட அந்தக் கூட்டத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அப்பாவின் பெயரை மகன் மீட்டுத் தந்தார். நம்மூரில் அந்தப் பொறுப்பை நாம் எல்லோருமே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் இது சென்னைக்கு மட்டும் உரிய கதை இல்லை. நம் திருவண்ணாமலையின் திருவிழா மேடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் எத்தனை மெல்லிசைக் குழுக்கள் வாசித்திருக்கின்றன! ஒரு குழுவில் கிட்டார் வாசிப்பவரை நான் அறிவேன். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். தேவாலயப் பாடகர் குழுவில் கேட்டுக் கேட்டே கற்றவர். இடது கை விரல் நுனிகள் நான்கும் காய்த்துத் தடித்திருக்கும். ஒரு கச்சேரியில் மேடை ஓரமாக நின்று அவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையிசை நடுவில் முதல் கம்பி பட்டென்று அறுந்தது. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கை அப்படியே இரண்டாவது கம்பிக்குத் தாவி, ஐந்து ஃப்ரெட் மேலே ஏறி, மீதியை அங்கேயே வாசித்து முடித்தது. பாடகர் மட்டும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். கூட்டம் பாடகருக்குக் கை தட்டியது. இறங்கி வந்தவரிடம் அதைச் சொல்லி வியந்தேன். "பாட்டு நிக்காம போச்சே, அது போதும் சார்" என்றார்.

அவருக்கு அது போதும். கேட்ட நமக்கு அது போதாது. இன்று பல மேடைகளில் ஒரு கீபோர்டும் ரிதம் பேடும் இருந்தால் கச்சேரி நடந்துவிடுகிறது. சில இடங்களில் கரோக்கியே போதும் என்கிறார்கள். அவரைப் போன்றவர்களுக்கு மாதத்தில் கிடைக்கும் வாய்ப்பும் குறைந்துகொண்டே வருகிறது. பெயர் தெரிந்தால்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால்தான் அடுத்த பிள்ளை கற்றுக்கொள்ள வரும்.

இதை நம் ஊரிலிருந்து தொடங்குவதில் பொருத்தமும் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களை விடிய விடிய மேடையேற்றிய 'கலை இரவு' வளர்ந்த ஊர் இது. இங்கே வாழ்ந்த ரமணர்மீது 'ரமண மாலை' பாடல்களைத் தந்த இளையராஜா இங்கே அந்நியர் இல்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் அவரும் பிறருடைய குழுக்களில் கிட்டார் வாசித்தவர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ராஜா என்று நாம் கொண்டாடுபவரே ஒரு காலத்தில் பெயர் தெரியாத கிட்டார் கலைஞராக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார் என்றால், இன்று மூலையில் உட்கார்ந்திருப்பவரை நாம் அலட்சியமாகப் பார்க்க முடியுமா?

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ் முதல் 'வாசித்தவர்' என்ற புதிய பகுதியைத் தொடங்குகிறோம். செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு என்று நம் மாவட்டத்தில் எந்த ஊராக இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த வாத்தியக் கலைஞர் ஒருவரைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு எழுதி அனுப்புங்கள். என்ன வாசிப்பார், யாரிடம் கற்றார், எந்தக் குழுவில் இருந்தார், நீங்கள் மறக்க முடியாத அவருடைய வாசிப்பு எது என்று எழுதினால் போதும். பழைய கச்சேரிப் படம் இருந்தால், பின்பக்கத்தில் எல்லோருடைய பெயரையும் எழுதிவிட்டு அனுப்புங்கள். விழா நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: கச்சேரி தொடங்கும்போது பாடகர்களை அறிமுகப்படுத்துவதோடு நிறுத்தாமல், கிட்டார், தபேலா, டிரம்ஸ் வாசிப்பவர்களையும் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்
திருவண்ணாமலை